பதினேழாம் வசனத்திலிருந்து வாசியுங்கள்

திருவிருந்து (நற்கருணை) ஆராதனைகளில் பெரும்பாலும் ஒன்று கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை 23-ஆம் வசனத்திலிருந்துதான் வாசிக்கக் கேட்கிறோம். அதற்கு முந்தைய ஆறு வசனங்களை விட்டுவிடுவது பெரிய தவறு என்பேன். அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு இதை எழுத நேர்ந்த காரணமே அங்கேதான் இருக்கிறது.

அப்போது கிரேக்க நகரமான கொரிந்துவில் சபைக்கென்று கோவில் கட்டடம் ஏது? சபையார் வீடுகளில் கூடினார்கள். திருவிருந்தும் ஒரு சிறு துண்டு அப்பத்தோடு முடியவில்லை, சாப்பாடே போட்டார்கள். ஞாயிறு விடுமுறை இல்லாத காலம் அது. அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து வருவதற்குள் வசதியானவர்கள் சாப்பிட்டுக் குடித்து முடித்திருக்க வேண்டும். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார் பவுல். நம் ஊரில் பந்தி வஞ்சனை என்போமே, அதேதான். ரோம சமூகத்துக்கு இது பழகிப்போன விஷயம். விருந்தாளியின் அந்தஸ்தைப் பார்த்து மூன்று தரத்தில் திராட்சரசம் ஊற்றிய ஒருவரைப் பற்றி ரோம எழுத்தாளர் இளைய பிளினி தன் கடிதத்தில் கண்டித்தே எழுதியிருக்கிறார்.

இந்தப் பந்தியைக் கண்டிக்கத்தான் இயேசு அப்பத்தைப் பிட்ட அந்த இரவை பவுல் நினைவூட்டுகிறார். சுவிசேஷங்களுக்கும் முன்பே, கி.பி. 50-களில் எழுதப்பட்ட வரிகள் அவை. "அபாத்திரமாய்", அதாவது தகுதியற்ற விதமாய், புசிப்பதைப் பற்றிய எச்சரிக்கை அப்புறம்தான் வருகிறது. இன்று அதைக் கேட்டுப் பயந்து, வீட்டில் ஏதோ சண்டை, மனதில் ஏதோ உறுத்தல் என்று திருவிருந்து வாங்க எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடும் பெண்களைப் பார்க்கிறேன். எனக்கு மனசு வலிக்கிறது. அந்த எச்சரிக்கை முதலில் விழுந்தது, இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்கள் மேல். அப்படிப்பட்டவர்களால் இன்றைக்கும் கூச்சமில்லாமல் முன்வரிசையில் நிற்க முடிகிறது.

இது கொரிந்துவோடு போன கதையும் இல்லை. தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாக உட்கார்ந்ததையும், சாதி வரிசைப்படி நற்கருணை வாங்கியதையும் நிறுத்தச் சொல்லி கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எத்தனையோ பேர் சபையை விட்டார்களே தவிர, சாதியை விடவில்லை. வருஷக்கணக்காக அதே அதிகாரத்தைக் கேட்டு வந்தவர்கள்!

பவுல் கடைசியில் சொல்லும் தீர்வு எளிமையானது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

போதகர்களே, அடுத்த திருவிருந்தில் 17-ஆம் வசனத்தில் தொடங்கி 34 வரை முழுவதும் வாசியுங்கள். நேரம் போதாவிட்டால் அறிவிப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம்.