ரூபாயா, ரூபாவா?

போன கிழமை ஒரு விளம்பர நிறுவனத்துத் தம்பி வட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தான். "அக்கா, ஒருக்கா கேட்டுப் பாருங்க. எங்க பிழை இருக்குன்னு மட்டும் சொன்னா போதும்." ஹட்டன் பையன், மரியாதை தெரிந்தவன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேட்டேன். ஒரு பெண் குரல், ஆனால் ஆளுடையது இல்லை, எழுதிக் கொடுத்தால் வாசிக்கிற ஏஐ மெஷினுடையது. நல்ல குரல்தான், பொய் சொல்லக் கூடாது. மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சுக்கூட விடுகிறது. முப்பது செக்கன் விளம்பரம். "ஐம்பது சதவீதம் வரை தள்ளுபடி! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய் முதல்! கால்லே சாலை, வெள்ளவத்தை!"

கால்லே சாலை. நான் பிறந்து வளர்ந்த காலி வீதிக்கு இப்படியும் ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மற்றதையெல்லாம் பிழை என்று சொன்னால் சென்னையில் இருப்பவர்கள் கோபிப்பார்கள். அவர்களுக்கு அது பிழை இல்லை. ஆனால் இங்கே இலங்கையில் வழக்குத்தான் தள்ளுபடியாகும், துணிக்கு விலைக்கழிவு. நமக்குச் சதவீதம் இல்லை, வீதம். ரூபாய் இல்லை, ரூபா. இருபத்திரண்டு வருடமாக விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துச் சாப்பிடுகிறவள் நான். இந்த 'ய்' ஒன்றுக்காக எத்தனை ஸ்கிரிப்டில் பேனாவால் கோடு போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

திருத்தி அனுப்பினேன். தம்பி எழுத்தை மாற்றி மறுபடி ஓடவிட்டான். இப்போது 'ரூபா' வருகிறது, ஆனால் வால் அறுந்த மாதிரி 'ரூப' என்று நிற்கிறது. "இன்னொரு ஆ போட்டுப் பாருங்க" என்றேன். 'ரூபாஆ' என்று எழுதிக் கொடுத்தால் அழகாகச் சொல்கிறது! அடுத்தது தெகிவளைக் கிளை. நடுவில் வரும் ககரத்தை மெஷின் அழுத்திப் பிடிக்கிறது. சரி, ஹ போட்டு எழுதுங்கள் என்றேன், அதுவும் சரிவந்தது. பம்பலப்பிட்டியில்தான் மாட்டிக்கொண்டோம். முதல் எழுத்தைப் 'பல்' என்பதில் வரும் ப போலச் சொல்கிறது. நாமோ 'பஸ்' என்பதில் வரும் ப போலச் சொல்வோம். எழுத்தில் இரண்டும் ஒன்றுதானே, அது என்ன செய்யும்? கடைசியில் அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்து, தமிழாகச் சொல்ல வைத்தோம். 100ஆம் இலக்க பஸ்ஸில் நடத்துநர் வாசலில் தொங்கிக்கொண்டு கத்துவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு மட்டும் தெரிந்த சங்கதி அது.

ஒன்றரை மணித்தியாலம் போயிற்று. நானே வாசித்திருந்தால் பத்து நிமிட வேலை. இதற்குத் தருவது, வாசிப்பதற்குத் தருவதில் மூன்றில் ஒரு பங்கு. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, நான் அன்றைக்குக் கொடுத்தது ரியூஷன். ரூபாஆ, தெஹிவளை எல்லாம் இனி அவர்களுடைய பட்டியலில் இருக்கும். அடுத்த விளம்பரத்துக்கு என்னைக் கேட்கத் தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவு, சினிமா என்று பேச்சு வந்தாலே எல்லோரும் பெரிய ஆட்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். பாடகி பவதாரிணி 2024 ஜனவரி 25 அன்று இங்கேதான், நம் கொழும்பில்தான், சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது கண் மூடினார். ஐந்து மாதம் கழித்து ஜூனில், விஜய் நடித்த 'தி கோட்' படத்தின் பாட்டில் அவர் குரல் விஜய்யோடு சேர்ந்து பாடியது. இசையமைத்தது தம்பி யுவன். அந்தப் பாட்டை முதல் தடவை கேட்டபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூடப் பிறந்தவன் தன் அக்காவின் குரலை இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே ஆண்டு தொடக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்களான ஷாகுல் ஹமீதின் குரலையும் பம்பா பாக்யாவின் குரலையும் இப்படித்தான் கொண்டுவந்தார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். எஸ்.பி.பி. குரலை ஒரு தெலுங்குப் படத்தில் கேட்காமல் எடுத்தபோது மகன் சரண் சட்ட நோட்டீஸ் அனுப்பினார்.

பிறகு அம்பிகாபதி கதை. 2013இல் வந்த படம். 2025 ஓகஸ்டில் மறுபடி திரைக்கு வந்தபோது, உரிமை வைத்திருந்த நிறுவனம் முடிவையே ஏஐயால் மாற்றிவிட்டது. செத்துப்போன நாயகன் கண் விழிக்கிறான். தனுஷும் இயக்குநர் ஆனந்த் எல். ராயும் பகிரங்கமாக எதிர்த்தும் படம் ஓடியது. எழுதிய முடிவு, நடித்த சாவு எதுவும் அவர்களுடையது இல்லை என்றால் பிறகு எதுதான் அவர்களுடையது?

ஆனாலும் பாருங்கள், இவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். என்னைப் போன்றவளுக்கு இருப்பது, பல வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் பிளேன்ரீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட ஒரு பக்க ஆங்கிலக் கடதாசி. இந்தப் பிரச்சினை வந்த பிறகு அலுமாரியைக் குடைந்து அதைத் தேடி எடுத்து வாசித்தேன். இப்போதுள்ள, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும் என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கு இனி வரப்போவது என்றால் இன்னொரு எப்எம் வரும் என்று நினைத்திருப்பேன். இப்போது சில நிமிடப் பதிவு கையில் இருந்தால் போதும், ஒரு குரலை அச்சாக வார்த்துவிடலாம். என்னுடையது எத்தனை மணித்தியாலம் யார் யாருடைய கணினியில் கிடக்கிறதோ. நம் நாட்டுப் புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம். கலைஞருடைய நிகழ்த்துகையைப் பதிவு செய்வது, பிரதி எடுப்பது பற்றியெல்லாம் அதில் உண்டு. நான் ஒருநாளும் சொல்லாத வசனத்தை என் குரல் சொல்லும் என்று அதை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஹொலிவூட்டில் 2023இல் எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஒருவருடைய சாயலை டிஜிட்டலில் செய்ய வேண்டுமானால் அனுமதி வேண்டும், காசு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் நடிகர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். விளம்பரத்துக்கு விளம்பரம் கூலி வாங்குகிற நான் இன்றைக்கே வேலை நிறுத்தம் என்று அறிவித்தால், என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியவராது.

ஆனால் எல்லாப் பழியையும் மெஷின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. அது வரமுன்னரே கொழும்பில் தமிழ் விளம்பரம் எப்படி நடந்தது? சிங்கள ஸ்கிரிப்டை ஒரு மாதம் உட்கார்ந்து செதுக்குவார்கள். அது முடிந்து, ஆங்கிலமும் முடிந்து, பின்னேரம் ஐந்து மணிக்கு மெயில் வரும், தமிழ் நாளைக் காலை வேண்டும் என்று. உதட்டசைவு சிங்களத்துக்கு எடுத்தது, அதற்குள் தமிழைத் திணிக்க வேண்டும். பஸ்ஸிலும் அலுவலக வாசலிலும் தொங்கும் பலகைகளில் தமிழ் பட்ட பாட்டை ஒரு ஏஐயும் எழுதவில்லை, மனிதர்தான் எழுதினார்கள். மூன்றாவது பந்தியில் உட்கார வைத்த மொழிக்கு மெஷின் வந்து பரிமாறுகிறது, அவ்வளவுதான்.

சிங்களத்தில் அப்படி இல்லை. ரூபவாஹினித் தொலைக்காட்சியில் டைட்டஸ் தொட்டவத்த அமெரிக்க முயல் பக்ஸ் பனியை 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கியதைப் பார்த்து நாங்கள் தமிழ்ப் பிள்ளைகளும்தான் சிரித்தோம். அந்த முயலை அவர் இங்கேயே குடியேற்றிவிட்டார். அதற்கு நேரமும் காசும் கொடுத்தார்கள், அதுதான் வித்தியாசம்.

எங்களுக்கும் ஒரு காலம் இருந்தது. 1925 டிசம்பர் 16 கொழும்பு வானொலி தொடங்கிய நாள், நூறு வருடம் தாண்டிவிட்டது. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று இந்தச் சின்னத் தீவிலிருந்து போன குரல்களுக்குத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஆள் இருந்தது. சென்னைத் தமிழ் இங்கே வந்து வகுப்பெடுக்கிற இந்தக் காலத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புகிறார்கள் இல்லை. என் முதல் குரு, பெயர் சொன்னால் ஏசுவார், பழைய வானொலிக்காரர். அவர் எனக்கு முதலில் வாசிக்கத் தந்தது விளம்பரம் இல்லை, மரண அறிவித்தல். "புங்குடுதீவு 10ஆம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட..." துக்கத்தைக் கூட்டினால் நாடகம், குறைத்தால் கடைக் கணக்கு. நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதைப் பிடி என்பார். களபூமி என்ற ஊர்ப் பெயரை எங்கே நிறுத்திச் சொல்வது, மருமக்கள் பெயர்களை எந்த வேகத்தில் அடுக்குவது என்று மூன்று மாதம் அதே வேலை. வங்கி வரிசை இலக்கம், சுப்பர் மார்க்கெட் ஒலிபெருக்கி, தொலைபேசியில் 'இந்த இலக்கம் தற்போது பாவனையில் இல்லை' எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இப்போது முதலில் போவது அந்தச் சின்ன வேலைகள்தான். ரஹ்மானின் பாடகர்களுக்கு வேலை போகாது. பெரிய விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம் எங்களைக் கூப்பிடுவார்கள். ஆனால் இருபது வயதில் ஒரு பிள்ளை வந்து, அன்ரி எனக்கும் குரல் கொடுக்கப் பழக்கிவிடுங்கோ என்றால், எந்த வேலையில் விட்டுப் பழக்குவேன்?

கொட்டாஞ்சேனையில் சின்னக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உன்னைக் கூப்பிட என்னிடம் எப்போதாவது காசு இருந்ததா? முன்பு சிங்களத்தில் மட்டும் போட்டேன். இப்போது தமிழிலும் போடுகிறேன்." எனக்குப் பதில் இல்லை, அவள் சொல்வது நியாயம். நானும் ஒன்றும் சன்னியாசி இல்லை. வீட்டில் பதிவு செய்யும்போது மின்விசிறிச் சத்தமும் காலி வீதி ஹோர்ன்களும் உள்ளே புகுந்துவிடும், இப்போது ஒரு தட்டில் துடைத்து எடுத்துவிடுகிறேன். நீண்ட நேர்காணல்களை எழுத்தாக்குவதும் மெஷினிடம்தான். மைக்ரோசொப்ட்டின் பட்டியலில் இலங்கைத் தமிழ் என்றே குமார், சரண்யா என இரண்டு குரல்கள் இருக்கின்றன, தெரியுமா? பெயர்கள் நம்மூர்ப் பெயர்கள். வாயும் நம்மூர் வாய்தானா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள், நான் சொன்னால் பொறாமை என்பீர்கள்.

பிரபலங்களின் முகத்தை ஒட்டி வரும் முதலீட்டு விளம்பரங்களைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு நீளும். அம்மாவுக்கு வந்த மூன்றை நானே அழித்தேன் என்பதோடு விடுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மெஷினுக்கு நம் தமிழைத் திருத்திக் கொடுப்பது ஒரு தொழில் என்றால் தொழிலுக்கு உரிய கூலி வேண்டும். அதுவும் வாசிக்கிற கூலிக்குக் குறையாமல், ஏனென்றால் வாசிக்கத் தெரியாதவளால் திருத்த முடியாது. என் பதிவை எடுத்து மெஷினுக்குப் பழக்குவதானால் என்னைக் கேட்க வேண்டும், கடதாசியில் தனி வரியாக, எனக்கு விளங்கும் மொழியில். எட்டாம் பக்கத்து ஆங்கிலத்தில் வேண்டாம்.

தம்பி நேற்று இரவு இன்னொரு பதிவு அனுப்பினான். இந்தத் தடவை தைப்பொங்கல் விளம்பரம். தொடக்கத்திலேயே 'ரூபா' சுத்தமாக வந்தது, ஆனால் நாம் பாண் என்று சொல்வதை 'ரொட்டி' ஆக்கிவிட்டது. பிழை இருக்கிறது தம்பி, ஆனால் முதலில் இதுதான் என் புதுக் கட்டணம் என்று இலக்கத்தை எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.