சாதகத்தோடு இரத்தத்தையும் பாருங்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை மச்சான் முறை, பொருத்தமும் நல்லது. "எங்கட இரத்தம்தானே, பிறகென்ன?" என்றார் பெரியம்மா. எனக்கு அந்தச் சொல் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

1972 இல் ரிச்சர்ட் லெவொன்டின் என்ற அமெரிக்க மரபியலாளர் இந்த இரத்தத்தைத்தான் ஆராய்ந்தார். இரத்த வகைகளையும் புரதங்களையும் வைத்து அவர் கணக்கிட்டபோது, மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85% ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஆபிரிக்காவுக்கு வெளியே வாழும் நம் எல்லோருடைய மூதாதையரிலும் பெரும்பாலானோர், ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பிய சிறு கூட்டத்தினர். தமிழருக்கென்றோ சிங்களவருக்கென்றோ தனி இரத்தம் எங்கிருந்து வரும்?

அதற்காக வேறுபாடே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிற வேறுபாடு, நாம் கோடு கீறிய இடத்தில் இல்லை. தலசீமியாவைப் பாருங்கள். மரபணு மாற்றத்தால், இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய் அது. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து தென்கிழக்காசியா வரை, நுளம்பு மலேரியாவைப் பரப்பிய இடங்களிலெல்லாம் இந்த மரபணு மாற்றங்கள் தங்கின. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ மாறிய மரபணுவின் ஒரு பிரதி மட்டும் வந்த ஒருவரை மலேரியா அவ்வளவாகக் கொல்லவில்லை. அவர் பிழைத்தார், பிள்ளை பெற்றார், மரபணுவும் பிழைத்தது. இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்துவிட்டது. மலேரியா போனாலும் மரபணு போகவில்லை. குருநாகல் பக்கம் இன்றும் எத்தனையோ பிள்ளைகள் மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொள்கிறார்கள். ஏற்றுகிற இரத்தத்தால் உடம்பில் இரும்பு தேங்கும், அதை வெளியேற்றத் தனி மருந்து.

ஒரு பிரதி உள்ளவருக்கு நோய் இல்லை, பெரும்பாலும் தெரியவே தெரியாது. இருவரும் அப்படியென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25% வாய்ப்பு. மச்சானும் மச்சாளும் என்றால் ஒரே பாட்டியிடமிருந்து இரண்டு பேருக்கும் அது வந்திருக்கலாம். "எங்கட இரத்தம்" என்று நிம்மதிப்படுகிற இடத்தில்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. "பிள்ளைக்குக் குறை எண்டு ஊர் கதைக்காதே?" என்றார். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இது குறையே அல்ல, மலேரியாவிலிருந்து தப்பிப் பிழைத்த ஒரு பாட்டியின் மிச்சம்.

முதலில் முழு இரத்தப் பரிசோதனை. சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால், அடுத்தது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை. அவ்வளவுதான். சாதகம் கை மாறும்போதே இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள். மண்டபம் பேசி, கூறைச்சேலையும் எடுத்த பிறகு என்றால், வந்த முடிவை வாய் திறந்து சொல்ல யாருக்கும் துணிவு வராது.