நானோ என்றால் நேராகப் போய் ஒட்டிக்கொள்ளுமா?

மேற்கு மாம்பலம் அத்தை வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். நானோ மஞ்சள் மாத்திரையாம். துகள் பொடியாகப் பொடியாக ரத்தத்தில் சர்ரென்று பாய்ந்து, குழாய்ச் சுவரில் நோய் இருக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளுமாம். அத்தையோடு சண்டை போட முடியாது. அதனால் இங்கே.

ரத்தம் சிவப்புத் தண்ணீர் இல்லை. அதில் ஏறக்குறைய 40 முதல் 45 சதவீதம் சிவப்பணுக்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்). நுண்குழாய்களில் சில 5 மைக்ரோமீட்டர்தான், மடங்கித்தான் நுழைய வேண்டும். கொஞ்சம் அகலமான குழாய் என்றால் இந்த மெத்து மெத்து அணுக்கள் சுவரை விட்டு நடுவுக்கு நகர்ந்துவிடும். ஓரத்தில் அணு இல்லாத பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, மெல்லிசாக மிஞ்சும். மெல்லிய குழாயில் ரத்தத்தின் பாகுநிலை (கெட்டித்தன்மை) குறைகிறது என்று ஃபாரேயஸ், லிண்ட்க்விஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1931இல் காட்டினார்கள். அதற்குக் காரணம் இந்த ஓரம்தான்.

அப்புறம் அந்த ஓரத்துக்கு யார் போகிறார்கள்? தீபாவளி நெருக்கத்தில் ரங்கநாதன் தெருவில் ட்ரங்குப் பெட்டியோடு நடந்து பாருங்கள். வளைந்து நெளிந்து போகிறவர்கள் நடுவில் போய்க்கொண்டே இருப்பார்கள். வளையாத நீங்கள் ஆளாளுக்கு இடித்து, பாத்திரக்கடை வாசலில் ஒதுங்கி நிற்பீர்கள். 2, 3 மைக்ரோமீட்டர் அளவுள்ள, சிவப்பணு போல நெளியாத பிளேட்லெட்டுகளுக்கும் (காயத்தில் ரத்தத்தை உறைய வைப்பவை) இதே கதிதான். அது நல்லதுக்கே. காயம் படுவது சுவரில்தானே? கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமாவதற்கு, பிளேட்லெட்டை ஓரத்துக்கு இடித்துத் தள்ளச் சிவப்பணுக்கள் குறைவதும் ஒரு காரணம். மழைக்காலம் வந்தால் நம் ஊரில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று மட்டும்தான் விசாரிக்கிறோம், சிவப்பணுவைக் கேட்பதில்லை. (டெங்குவில் டாக்டர் பிசிவியும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதமும், பார்ப்பார். அது பிளாஸ்மா கசிகிறதா என்று அறிய, வேறு கதை.)

இப்போது நானோவுக்கு வருவோம். 100 நானோமீட்டர் (0.1 மைக்ரோமீட்டர்) துகள் சிவப்பணுவைவிட 80 மடங்கு சிறியது. அது அணுக்களுக்கு இடையிலுள்ள சந்தில் பிளாஸ்மாவோடு சுற்றிக்கொண்டிருக்கும். இடிபட்டு ஓரம் சேர்வது குறைவு. சிலிக்கோன் ரப்பரில் வார்த்த நுண்கால்வாய்ச் சோதனைகளிலும் கணினி மாதிரிகளிலும் சுவரோரம் அதிகம் சேர்வது மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களே. அதற்காகப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நுரையீரல் நுண்குழாயில் சிக்கிக்கொள்ளும். மென்மையாகச் செய்தால் சிவப்பணு போல நடுவிலேயே மிதக்கும். அளவு, வடிவம், விறைப்பு மூன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டிய வேலை இது. "சின்னது, அதனால் சிறந்தது" என்பது வெறும் வியாபாரப் பேச்சு.

இத்தனையும் ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றும் துகளுக்குச் சொன்னது. அத்தை வாங்கப் பார்ப்பது விழுங்குகிற மாத்திரை. அது முதலில் குடலைத் தாண்டட்டும்.