அவர்களாகத்தான் வருகிறார்களா?

போன வாரம் பண்ருட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலை சித்தப்பா முறை. முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். கூலிப் பேச்சு வந்ததும், "யாரையும் கையைப் பிடித்து இழுத்து வரலையே, அவங்களாத்தான் வர்றாங்க. எல்லாருக்கும் கிலோவுக்கு ஒரே கூலி, பாகுபாடே கிடையாது" என்றார். பந்தியில் வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். மனசு ஆறவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா வேறொரு கொட்டகைக்குப் போகிறார். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார். அப்படியும் விரல் நுனியெல்லாம் கருத்து உரிந்து கிடக்கும். குழம்புச் சோறு பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவார். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பி வந்திருக்கிறார். கை புண்ணான வாரம் பாதிதான் உடைக்க முடியும், கூலியும் பாதிதான். ஒரே ரேட்தான், சரி. அந்தப் புண் எங்கிருந்து வந்தது?

மகளின் காலேஜ் ஃபீஸுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார். அது கழியும்வரை வேறு கொட்டகைக்குப் போகக் கூடாதாம். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுப்பதே இப்படிப்பட்ட ஏற்பாட்டைத்தான்.

"நான் வேலை தரலைன்னா அதுவும் இல்லையே" என்றும் சித்தப்பா சொன்னார். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியை இஷ்டத்துக்கு விலை வைத்து விற்றார்கள். நாங்களும் சம்மதித்துத்தான் வாங்கினோம், வீட்டில் வெளிச்சமும் கிடைத்தது. ஆனாலும் கொள்ளை என்றுதான் சொன்னோம். சித்தப்பாவும் அப்படித்தான் திட்டினார்.

டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலையில், 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலியில் மேஸ்திரிகள் தினமும் ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அந்த வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அது கட்டாய உழைப்பு, பசியும் வறுமையும் கூடக் கட்டாயம்தான். அடித்து இழுத்து வந்தால்தான் கட்டாயம் என்றில்லை.

சித்தப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் முன்பணம் வாங்கியவர்களிடம், "கடன் வேறு, வேலை வேறு. காசை மெல்லத் தாருங்கள், எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் போங்கள்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். மறுநாள் காலையில் எத்தனை பேர் வருகிறார்களோ, அவர்கள் தாங்களாகத்தான் வந்தார்கள் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.