ஐப்பசி மழையும் 17 சதவீதமும்

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் டெல்டாவில் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து சேரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல் குவியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கக் கூடாது என்பது ஒன்றிய அரசின் தர விதி. மாநில அரசு தளர்வு கேட்டுக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். அதன் பிறகுதான் உத்தரவு. 2022 அக்டோபரில் 19 வரை அனுமதித்தார்கள். 2025 அக்டோபரில் 22 கேட்கப்பட்டது, குழுக்களும் வந்தன. ஆனால் நெல் கடிதத்துக்காகக் காத்திருப்பதில்லை.

17 என்ற எண் தவறு என்று நான் சொல்லவில்லை. ஈர நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கினால் கெட்டுப்போகும், அதில் சந்தேகமே இல்லை. 22 சதவீத நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடிவிட்டு, மறுநாள் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரியும். அடுத்து புளித்த வாடை. மூன்று நான்கு நாளில் அரிசி பழுப்பேறும், அடியில் இருப்பது முளைவிடும். அங்கேதான் அடுத்த விதி வந்து நிற்கிறது: சேதமான, நிறம் மாறிய, முளைத்த, வண்டு அரித்த நெல் எல்லாம் சேர்த்து 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. காயவைத்துக் கொண்டு வா என்று ஒரு விதி திருப்பி அனுப்புகிறது. காத்திருந்த நாட்களில் கெட்டதற்காக இன்னொரு விதி தள்ளிவிடுகிறது.

முன்பு அரிவாளால் அறுத்து, அரி அரியாக வயலிலேயே ஒன்றிரண்டு நாள் போட்டுவைத்து, பிறகு கட்டுக்கட்டிக் களத்தில் அடித்தார்கள். பாதி ஈரம் தாளிலேயே போய்விடும். இப்போது பெல்ட் மெஷின் எனும் அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்து, 20 முதல் 24 சதவீத ஈரத்தோடு டிராக்டர் பெட்டியில் கொட்டுகிறது. பொதுக்களங்களோ போதவில்லை. அதனால்தான் எல்லோரும் நெல் காயவைக்கத் தார்ச்சாலைக்கு வருகிறார்கள்.

அந்தச் சாலையிலும் ஒரு கணக்கு உண்டு. காற்றில் ஈரப்பதம் 90 சதவீதமாக இருக்கும் நாளில், நெல்லை எவ்வளவு கிளறினாலும் 17, 18க்குக் கீழே இறங்காது. நெல்லும் காற்றும் அங்கே சமமாகிவிடும். சூடு கொடுத்தால் மட்டுமே இறங்கும். விடாமல் தூறும் வாரத்தில் 17 கேட்பது நடக்காத ஒன்றைக் கேட்பது. நல்ல வெயிலிலும் மெல்லிசாகப் பரப்பிவிட்டால், கொதிக்கும் தாரில் அரிசி விரிசல் விட்டு ஆலையில் குருணையாகும். இரண்டு அங்குலக் கனம், அரை மணிக்கொரு முறை கிளறல் என்று காயவைக்க வேண்டும்.

நிலையத்தில் ஈரம் அளக்கும் மீட்டர் வைக்கும்போதும் கவனியுங்கள். வெயிலில் சூடேறிய நெல்லை உடனே அளக்க விடாதீர்கள், நிழலில் ஆறவிடுங்கள். கருக்காயை, அதாவது அரிசி பிடிக்காத பதரைத் தூற்றிய பிறகு அளக்கச் சொல்லுங்கள். மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, மூன்று முறை பார்த்துச் சராசரி கேளுங்கள்.

இப்போது பணக்கணக்குக்கு வருவோம். 22 சதவீத நெல் 100 கிலோவில் 78 கிலோ உலர்பொருள். அது 17க்கு வரும்போது 94 கிலோ. போவது 6 கிலோ தண்ணீர், அவ்வளவுதான். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகை சேர்த்துப் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய். 6 கிலோவுக்கு 150 ரூபாய். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 என்றால், இந்தத் தண்ணீருக்காக விலையில் பிடிக்க வேண்டிய கழிவு 2,700 ரூபாய். படுதா வாடகை, கிளற ஆள் கூலி, ராக்காவல் எல்லாம் போட்டு மூன்று நாள் சாலையில் கிடப்பதை விட, இந்தக் கழிவோடு அன்றே எடை போடுவதைத்தான் சிறு விவசாயி விரும்புவார். காயவைக்கும் செலவையும் அரசே ஒரு தொகையாக நிர்ணயித்துக் கழிக்கட்டும். வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அவர் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் போட வேண்டும். குத்தகைக்காரருக்கு இன்னும் கஷ்டம். நில உரிமையைக் காட்டும் சிட்டா வேறொருவர் பெயரில் இருக்கும், பயிர் விவரம் காட்டும் அடங்கலுக்காக அலைவதிலேயே இரண்டு நாள் போய்விடும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் ரேஷனுக்குப் பெரும்பாலும் புழுங்கலரிசி. ஆலையில் அந்த நெல்லை மறுபடி தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, டிரையரில்தான் காயவைக்கிறார்கள். இரண்டே நாளில் ஆலைக்குப் போகும் நெல்லை அதற்கு முன் சாலையில் உலர்த்துவது வீண் வேலை. லாரி ஓடாமல் நிலையத்திலேயே தேங்குவதுதான் ஆபத்து. 2025 அக்டோபரில், வாங்கிய மூட்டைகளே வெட்டவெளியில் நனைந்து முளைத்தன. ஆகவே ஈர நெல் வாங்கும் நிலையத்துக்கு 48 மணி நேரத்துக்குள் லாரி வர வேண்டும். அது முடியாத இடங்களில் நடமாடும் டிரையர் ஒன்று நிற்க வேண்டும்.

கழிவை ஆண்டுதோறும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியதும் இல்லை. விதியிலேயே சேர்த்து, விலைப்பலகைக்குப் பக்கத்தில் எழுதி மாட்டலாம். 18 சதவீதம் என்றால் குவிண்டாலுக்கு 1.2 கிலோ கழிவு, 19க்கு 2.4, 20க்கு 3.6, 21க்கு 4.8, 22க்கு 6 கிலோ.