இடிக்கச் சொன்னா நான் ஓனர், எழுதிக் கேட்டா நான் யாரோ

நேத்து ராத்திரி மழையில பக்கத்து வீட்டுச் சுவரு நேரா எங்க போர் மோட்டார் மேல வந்து விழுந்துச்சு. விழும்னு எனக்குத் தெரியும். தெருநாய்க்கும் தெரியும், அது ஒரு வருஷமா அந்தச் சுவரு ஓரம் படுக்கிறதில்ல. தெரியாதது நகராட்சிக்கு மட்டும்தான்.

பேசாம அந்த வீட்டையே வாங்கிடலாம்னு நான் அலைய ஆரம்பிச்சு இது மூணாவது வருஷம். ஓட்டு வீடு. முற்றத்துல அரசமரம் ரெண்டாள் உயரத்துக்கு நிக்குது. நல்ல பாம்பு ரெண்டு குடியிருக்கு, வாடகை கிடையாது. பட்டா 1961-ல செத்துப்போன பெரியவர் பேர்ல. சொத்து மேல கடன், விற்பனைன்னு ஏதாவது பதிவாகியிருக்கான்னு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ஆன்லைன்ல ஒரு குறிப்பிட்ட வருஷத்துலேர்ந்துதான் வருது, அதுக்கு முன்னாடிக்கு மனு கொடுத்துத் தேடச் சொன்னேன். வில்லங்கம் எதுவும் இல்லைன்னு சான்று கொடுத்துட்டாங்க. ஐயா, அந்த வீட்டுல வில்லங்கத்தைத் தவிர வேற எதுவுமே இல்லையே!

பெரியவருக்கு அது சுயசம்பாத்தியம், உயில் கிடையாது. 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் போனவர். அதனால பொண்டாட்டி, ரெண்டு பையன், மூணு பொண்ணு, தலைக்குச் சமபங்கு. இப்ப அவங்களும் போயாச்சு. பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன்னு நோட்டுல கிளை போட்டு 27 பேர் வரைக்கும் வந்தேன். அதுல பாதிப்பேருக்கு இனிஷியல்தான் இருக்கு, ஊர் இல்ல. மூத்த பையன் அந்தக் காலத்துலயே மலேயாவுக்குக் கப்பலேறினவர், கடுதாசி கிடையாது. ஏழு வருஷம் தகவல் இல்லைன்னா இறந்ததா அனுமானிக்கலாம்னு சட்டம் இருக்காம். சரி, அனுமானிச்சேன். அப்ப அவர் பங்கு அவர் வாரிசுக்குல்ல போகுது? அவங்களை ஈப்போவுல தேடவா, கிள்ளான்ல தேடவா? பத்திரம் தொலைஞ்சா போலீஸ்ல சான்று வாங்கலாம். ஓனரே தொலைஞ்சா யார்கிட்ட வாங்குறது?

டீக்கடையில ஒரு வக்கீல் அண்ணன் வழி சொன்னார். "உள்ள போய் 12 வருஷம் பகிரங்கமா உட்காருங்க தம்பி, எதிரிடை அனுபவ பாத்தியம்னு இடம் உங்களுக்கே வந்துடும்." யாரோட உட்கார? அந்த ரெண்டு பாம்போடயா?

அதை விடுங்க. இன்னைக்கு நடந்ததைக் கேளுங்க.

உடைஞ்ச மோட்டார் போட்டோவோட நகராட்சிக்குப் போனேன். ஆபீஸ் பத்து மணிக்கு. பத்தே முக்காலுக்கு ஃபைல் பார்க்கிறவர் வந்தார், பதினொண்ணுக்கு டீ வந்துச்சு, பதினொண்ணே காலுக்கு நான் அவர் கண்ணுல பட்டேன்.

"சார், சுவரு ஆபத்தா இருக்குன்னு அப்பவே மனு கொடுத்தேனே."

"நோட்டீஸ் விட்டாச்சே."

விட்டாங்க. நானும் பார்த்தேன். ஒருத்தர் பசை டப்பாவோட வந்து, 1961-ல செத்தவர் பேருக்கு, '15 நாட்களுக்குள் இடித்து அப்புறப்படுத்தத் தவறினால்'னு ஒரு நோட்டீஸைக் கதவுல ஒட்டினார். கதவு பூரா கறையான். பசைக் கையை வச்சு அழுத்தினதும் ஒரு பலகை உள்ள விழுந்துடுச்சு. மிச்சப் பலகையில ஒட்டினார். மறுநாள் எதிர்வீட்டு ஆடு பசை ருசிக்கு வந்து, 'தவறினால்' வரைக்கும் தின்னுட்டுப் போயிடுச்சு.

"அதுக்குப் பதிலே வரலையே சார், அடுத்து என்ன செய்வீங்க?"

ஃபைலைப் பிரிச்சார். விரல்ல எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாப் புரட்டினார். ஒரு தாள்ல நின்னார். என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"நோட்டீஸை நீங்கதான வாங்கியிருக்கீங்க?"

"நானா?"

"இது உங்க கையெழுத்துதான?"

என் கையெழுத்துதான். அன்னைக்கு ஒட்ட வந்தவர், "பக்கத்து வீட்டு சாட்சி ஒண்ணு வேணும் சார்"னார். வெயில்ல வந்த மனுஷனாச்சேன்னு மோர் கொடுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். படுபாவி, விரலை வச்சுக் காட்டின இடம் 'பெற்றுக்கொண்டவர்'.

"சார், அது சாட்சிக் கையெழுத்து."

"சாட்சிக்குக் கீழ தனியா இடம் இருக்கு பாருங்க. காலியா இருக்கு."

"நான் ஓனர் இல்ல சார்."

"அப்புறம் ஏன் வாங்குனீங்க?"

"வாங்க முடியலைன்னுதான சார் மூணு வருஷமா அலையுறேன்!"

அவர் சிரிக்கல. எனக்கே அது சிலேடைன்னு படியிறங்கி வந்த அப்புறம்தான் உறைச்சுது.

"பதினஞ்சு நாள் கெடு எப்பவோ முடிஞ்சுது. நீங்க இடிச்சிருக்கணும்."

"அதுவே இடிஞ்சிடுச்சு சார், நேத்து. என் மோட்டார் மேல."

"அப்ப மண்ணை அள்ளிடுங்க. ரோட்டுல கிடந்தா அபராதம் போடுவாங்க."

எனக்கு எங்கேர்ந்துதான் அந்த நிதானம் வந்துச்சோ. "சரி சார், நான்தான் ஓனர்னு இதை ஒரு தாள்ல எழுதி, சீல் வச்சுக் கொடுத்துடுங்க. பத்திர ஆபீஸ்ல காட்டிக்கிறேன்"னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்: "அதெப்படி சார்? நீங்க ஓனர்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

சிரிச்சுட்டேங்க. அந்த ஹால்ல நின்னு, வயிறு வலிக்க, தனியா. பிறப்புச் சான்றுக்கு வரிசையில நின்ன அம்மா குழந்தையைத் தோள் மாத்திக்கிட்டு ஒதுங்கி நின்னாங்க.

கடைசியில, மேற்படி கையெழுத்து சாட்சிக் கையெழுத்தே அன்றி வேறில்லைன்னு வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுத்தேன். அதுமேல என்னமோ கிறுக்க என் பேனாவைக் கேட்டார். விவரமா மூடியைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கொடுத்தேன். கிறுக்கினார், பேனாவைத் தன் பையில சொருகினார், சாப்பிடப் போயிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டுறேன், மூடி மட்டும் இருக்கு. இந்த வருஷத்துல இது ஆறாவது மூடி. ஏங்க, எந்த ஆபீஸ்லயாவது யார்கிட்டயாவது சொந்தமா ஒரு பேனா இருந்து பார்த்திருக்கீங்களா?