ரால்ஃப் பிரான்கா தலையில் விழுந்த பழி

1951ஆம் வருட அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீக் பட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு கூட்டம் "அதிசயம்" என்கிறது, இன்னொரு கூட்டம் "எல்லாம் டெலஸ்கோப் திருட்டு" என்கிறது. இரண்டு தரப்பும் கடைசியில் நினைவு வைத்திருப்பது ஒரே ஆளைத்தான். அக்டோபர் 3 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸின் பாபி தாம்சன் எல்லைச் சுவரைத் தாண்டி அடித்து (ஹோம் ரன்) பட்டத்தைப் பறித்த அந்தப் பந்தை வீசிய புரூக்ளின் டாட்ஜர்ஸ் பிட்சர் ரால்ஃப் பிரான்கா. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்த ஆட்டம் கைவிட்டுப் போன காரணங்களை வரிசைப்படுத்தினால் பிரான்கா கடைசியில்தான் வருவார். முன்வரிசை முழுக்க டாட்ஜர்ஸ் மேலாளர் சார்லி டிரெசனின் முடிவுகள்.

சீசனின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஆகஸ்ட் 11 அன்று ஒரு கட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் முதலிடத்திலிருந்த டாட்ஜர்ஸைவிட 13½ ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. அடுத்த நாளிலிருந்து ஆடிய 44 ஆட்டங்களில் 37 வெற்றி, அதில் தொடர்ச்சியாக 16. டாட்ஜர்ஸ் சரிந்து விழுந்தது என்று எழுதுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்: அதே காலத்தில் டாட்ஜர்ஸ் 26 வெற்றி, 22 தோல்வி. சுமாரான ஆட்டம்தான், ஆனால் அதைச் சரிவு என்று சொல்ல முடியாது. 154 ஆட்டங்கள் முடிந்தபோது இரு அணியும் 96 வெற்றி, 58 தோல்வி. கடைசி நாளில் ஃபிலடெல்ஃபியாவில் வழக்கமான ஒன்பது போதாமல் 14 இன்னிங்ஸ் போராடி, ஜாக்கி ராபின்சன் அடித்த ஹோம் ரன்னால் 9-8 என்று ஜெயித்துத்தான் டாட்ஜர்ஸ் சமநிலைக்கே வந்தது. அதனால் பட்டத்தை முடிவு செய்ய மூன்று ஆட்ட பிளேஆஃப்.

இனி டெலஸ்கோப். அது நடந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஜயன்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸில் வீரர்களின் உடைமாற்றும் கட்டடம் சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால், பேட்டருக்கு நேர் எதிரே, ஏறக்குறைய 480 அடி தூரத்தில் இருந்தது. மேலாளர் லியோ டுரோச்சரின் அறையும் அங்கேதான். ஜூலை மாதம் அந்த அறை ஜன்னலில் ஒரு டெலஸ்கோப் வைத்தார்கள். அதில் கண் வைத்துப் பார்த்தவர் பயிற்சியாளர் ஹெர்மன் ஃபிராங்க்ஸ். இவர் முன்னாள் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) என்பதுதான் விஷயம். எதிரணி கேட்சர் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டி பிட்சருக்குச் சொல்வார்: ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைபந்து. அதைப் படித்ததும் ஃபிராங்க்ஸ் ஒரு பொத்தானை அழுத்துவார். அங்கிருந்து கம்பி போட்டு, மைதானத்துக்குள்ளேயே ஓரமாக மாற்று பிட்சர்கள் உட்காரும் புல்பென்னில் பஸ்ஸர் ஒலிக்கும். ஒரு ஒலி வேகப்பந்து, இரண்டு ஒலி வளைபந்து. புல்பென்னில் உட்கார்ந்திருக்கும் மாற்று கேட்சர் சால் யிவார்ஸ் கையில் ஒரு பந்து. வளைபந்து என்றால் அதை மேலே தூக்கிப் போடுவார், வேகப்பந்து என்றால் சும்மா இருப்பார். பேட்டர் பிட்சரின் தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்தால் போதும்.

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். வேகப்பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்து சேரும். வருவது என்ன பந்து என்று முன்கூட்டியே தெரிவது சின்ன உதவி இல்லை.

ஆனால் அந்த உதவி எங்கே, எவ்வளவு வேலை செய்தது என்று பார்க்கும்போதுதான் சிக்கல். டெலஸ்கோப் வந்த பிறகு ஜயன்ட்ஸின் பேட்டிங் சராசரி சொந்த மைதானத்தில் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. ஏறியது வெளியூர் மைதானங்களில். அங்கே ஜன்னலும் இல்லை, கம்பியும் இல்லை. ஓடி வந்து பிடித்த அந்த இரண்டு மாதங்களில் அணியைத் தூக்கி நிறுத்தியது பிட்சிங். சால் மேக்லி 23 வெற்றி, லாரி ஜான்சன் 23 வெற்றி. திருடிய சைகை இவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது. பிளேஆஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டம் டாட்ஜர்ஸின் எபெட்ஸ் ஃபீல்டில். டெலஸ்கோப் இல்லாத அங்கே ஜயன்ட்ஸ் 3-1 வென்றது, தாம்சன் இதே பிரான்காவின் பந்தில் ஹோம் ரன் அடித்தார். இரண்டாவது ஆட்டம் டெலஸ்கோப் இருந்த போலோ கிரவுண்ட்ஸில். அங்கே புதுமுகம் கிளெம் லபைனிடம் 10-0 என்று மண்ணைக் கவ்வினார்கள்.

இதைச் சொல்லி டுரோச்சர் கூட்டத்துக்கு மன்னிப்பு வாங்கித் தரவில்லை. 154 ஆட்டத்துக்குப் பிறகு சமநிலை என்றால், திருட்டினால் ஒரே ஒரு வெற்றி வந்திருந்தாலும் பட்டம் மாறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கறை போகாது. அதே சமயம், அதை மட்டும் பிடித்துக்கொண்டு டாட்ஜர்ஸ் பக்கம் நடந்த தவறுகளை விட்டுவிடக் கூடாது.

முதல் தவறு, பிளேஆஃப் மைதானங்களை முடிவு செய்த டாஸ். டாஸை வென்றது டாட்ஜர்ஸ். முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில் என்று கேட்டு வாங்கினார்கள். அதன் விலை, இரண்டாவதும் மூன்றாவதும் எதிரியின் மைதானத்தில். போலோ கிரவுண்ட்ஸ் குதிரை லாட வடிவ மைதானம். நடுவில் போனால் 480 அடிக்கு மேல், ஆனால் இடது ஓரக் கம்பம் 279 அடி, வலது ஓரம் 257 அடிதான். எபெட்ஸ் ஃபீல்டில் இடது ஓரம் 340 அடிக்கு மேல். தாம்சன் வலது கை பேட்டர், இடது பக்கம் இழுத்து அடிப்பவர். முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டத்தை அந்தச் சுவர் இருக்கும் இடத்தில் ஆட நீங்களாகவே ஒப்புக்கொண்டால் யாரைக் குறை சொல்வது?

இரண்டாவது, பிட்சர்களை டிரெசன் பயன்படுத்திய விதம். லபைன் செப்டம்பரில் நன்றாக வீசிக்கொண்டிருந்தவர். ஒரு ஆட்டத்தில் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று டிரெசன் அவரை ஒதுக்கி வைத்தார். அந்தச் சுமையெல்லாம் போய் விழுந்தது டான் நியூகம் மேல். சனிக்கிழமை ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக முழு ஆட்டம், எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. மறுநாளே அந்த 14 இன்னிங்ஸ் ஆட்டத்தில் நடுவே வந்து 5⅔ இன்னிங்ஸ். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் புதன்கிழமை மூன்றாவது பிளேஆஃப் ஆட்டம். எட்டு இன்னிங்ஸ் முடியும்வரை ஒரே ஒரு ரன் கொடுத்து 4-1 என்று அணியை முன்னால் வைத்திருந்தார். ஒன்பதாவதில் அவர் கை ஓய்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாவது பேட்டருக்கு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. (பேட்டர் ஓடிக் கடக்க வேண்டிய நான்கு இடங்கள்தான் பேஸ்கள்; சுற்றி வந்தால் ஒரு ரன்.) முதலில் ஆல்வின் டார்க் அடித்த பந்து, முதல் பேஸில் நின்ற கில் ஹாட்ஜஸின் கையுறையில் பட்டு விலகியது. டார்க் முதல் பேஸில். அடுத்து இடது கை பேட்டர் டான் மியூலர். மூன்று ரன் முன்னிலை இருக்கிறது, டார்க் இரண்டாவது பேஸைத் திருடினாலும், அதாவது பந்து அடிபடும் முன்பே ஓடிச் சேர்ந்தாலும், ஒன்றும் ஆகிவிடாது, அவருடைய ரன்னுக்கு மதிப்பே இல்லை. ஆனாலும் ஹாட்ஜஸ், ஓட்டக்காரரைத் தடுத்து வைக்கிற மாதிரி பேஸை ஒட்டியே நின்றார். அதனால் முதல் பேஸுக்கும் இரண்டாவது பேஸுக்கும் நடுவே பெரிய ஓட்டை. மியூலர் இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடித் தரையோடு அடிப்பதில் பேர்போனவர், சரியாக அதன் வழியே தள்ளிவிட்டார். ஹாட்ஜஸ் வழக்கமான இடத்துக்குப் பின்வாங்கி நின்றிருந்தால் அந்தப் பந்து அவர் எல்லைக்குள் வந்திருக்கும். ஒரு அவுட்டாவது நிச்சயம், இரட்டை அவுட்டுக்கும் வாய்ப்பு. மூன்று அவுட்டில் இன்னிங்ஸ் முடியும்; இரட்டை அவுட் ஆகியிருந்தால், அடுத்து வந்த மான்டி இர்வின் தூக்கியடித்து ஹாட்ஜஸ் கையில் விழுந்த பந்தே சீசனின் கடைசி அவுட். பிரான்கா புல்பென்னைவிட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார். களத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று பெஞ்சிலிருந்து கை காட்டி மாற்றுவது மேலாளரின் வேலை. அதை யாரும் செய்யவில்லை.

பிறகு வைட்டி லாக்மன் இடது பக்கம் இரட்டை அடி, அதாவது இரண்டாவது பேஸ்வரை போக வைத்த அடி. டார்க் வந்து சேர்ந்தார், 4-2. மூன்றாவது பேஸில் கணுக்காலில் காயம்பட்ட மியூலரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவருக்குப் பதிலாக ஓட கிளின்ட் ஹார்ட்டங் வந்தார். டிரெசன் புல்பென்னுக்குப் போன் போட்டார். அங்கே கை சூடு பண்ணிக்கொண்டிருந்தவர்கள் கார்ல் எர்ஸ்கினும் பிரான்காவும். எர்ஸ்கினின் வளைபந்து தரையில் குத்துகிறது என்று பயிற்சியாளர் கிளைட் சுக்ஃபோர்த் சொன்னார். உடனே பிரான்கா. முதல் பிளேஆஃப் ஆட்டத்தைத் தொடங்கி வீசிய பிறகு அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் ஓய்வுதான். அந்த ஆட்டத்தில் தாம்சன் இவர் பந்தைத்தான் சுவருக்கு வெளியே அனுப்பினார். இதெல்லாம் டிரெசனுக்குத் தெரியாததா?

முதல் பேஸ் காலி. தாம்சனை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, அடுத்து வரும் 20 வயது வில்லி மேய்ஸுக்கு வீசியிருக்கலாம் என்பவர்கள் உண்டு. இந்த ஒன்றில் மட்டும் டிரெசனைக் குறை சொல்ல மாட்டேன். வெற்றி ரன்னை நாமே பேஸில் ஏற்றி உட்கார வைப்பதை எந்த மேலாளரும் லேசில் செய்யமாட்டார்.

இப்போது பந்து. முதல் பந்து நடுவில் போன வேகப்பந்து, தாம்சன் ஆடாமல் விட்டார், ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்). இரண்டாவது வேகப்பந்து உயரமாக, உடம்பை ஒட்டி. அடிக்கக் கொடுத்த பந்தே இல்லை அது. அவரைப் பின்னால் நகர்த்திவிட்டு அடுத்து வெளிப்பக்கம் வளைபந்து போடுவதற்கான தயாரிப்பு. தாம்சன் அதை இடது பக்கம் தாழ்வாக இழுத்து அடித்தார், பந்து கீழ்த்தட்டு ரசிகர்களுக்குள் போய் விழுந்தது. 5-4. கேட்சர் இடத்தில் அன்று காயம்பட்ட ராய் கம்பனெல்லா இல்லை, ரூப் வாக்கர். இரண்டாவது பேஸில் எதிரணி ஆள் நின்றால் அவரும் சைகையைப் பார்ப்பார் என்பதால், கேட்சர்கள் பொதுவாகப் பல விரல்களை வரிசையாகக் காட்டி அதில் ஒன்றைத்தான் உண்மையாக வைத்துக்கொள்வார்கள். அன்று அந்த ஜன்னலிலிருந்து எது படிக்கப்பட்டது என்பதில் தகராறு இருக்கிறது. அந்தப் பந்துக்குத் தனக்குச் சைகை வரவில்லை என்றுதான் தாம்சன் சொல்லிவந்தார்.

பிரான்காவுக்குத் திருட்டு விஷயம் 1954இல், டெட்ராய்ட் அணியில் இருந்தபோது தெரியவந்தது. பத்திரிகைகளிடம் போய் அழவில்லை. 2001இல் விவரமெல்லாம் வெளியே வரும்வரை, தன் மேல் விழுந்த பழியைத் தானே சுமந்தார். சுக்ஃபோர்த்தும் அந்த சீசனோடு டாட்ஜர்ஸை விட்டுப் போனார். இயந்திரக் கருவிகளால் சைகை திருடுவதை நேஷனல் லீக் தடை செய்தது 1961இல்தான். டிரெசன் மட்டும் பதவியில் தொடர்ந்தார்.

பிளேஆஃப் ஆட்டங்களும் வழக்கமான சீசன் கணக்கில்தான் சேரும். பிரான்காவின் அந்த வருடப் பதிவு 13 வெற்றி, 12 தோல்வி. பன்னிரண்டில் இரண்டு அந்த மூன்று நாளில் வந்தவை. முதல் ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் எடுத்தது மூன்றே ரன், டாட்ஜர்ஸ் பேட்டர்கள் அவருக்கு எடுத்துக் கொடுத்தது ஒன்று.